மால்தஸின் மக்கள்தொகைக் கோட்பாடு

மக்கள்தொகை 1, 2, 4, 8 என்று மடங்காகப் பெருகும், உணவோ 1, 2, 3, 4 என்று படிப்படியாகத்தான் கூடும் என்பது ஆங்கிலப் பாதிரியார் தாமஸ் ராபர்ட் மால்தஸ் 1798இல் தம் பெயரைப் போடாமல் வெளியிட்ட நூலின் வாதம். இந்த இடைவெளியைப் பஞ்சமும் நோயும் போரும் நிரப்பும் என்றார். காலந்தாழ்த்திய திருமணம், புலனடக்கம் ஆகியவற்றால் அதைத் தவிர்க்கலாம் என்பதை 1803ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்தார். அவர் காலத்தில் சுமார் 100 கோடியாக இருந்த உலக மக்கள்தொகை 2022இல் 800 கோடியைத் தொட்டது. விளைச்சல் அதைவிட வேகமாகக் கூடியது. ஆனால் கணக்குத் தவறியது இக்கோட்பாட்டின் சிறிய குறைதான். பட்டினிக்குக் காரணம் தலைகளின் எண்ணிக்கை என்று சொல்லி, தானியம் யார் கைக்கு எட்டுகிறது என்ற கேள்வியை அது மறைத்துவிட்டதே பெரிய குறை.

அந்த மறைப்புக்கு உயிர்கள் விலையாயின. கிழக்கிந்தியக் கம்பெனியின் வருங்கால அதிகாரிகள் பயின்ற ஹெய்லிபரி கல்லூரியில் 1805 முதல் பேராசிரியராக இருந்தவர் மால்தஸ். சென்னை மாகாணத்தையும் தக்காணத்தையும் 1876–78இல் தாது வருஷப் பஞ்சம் வாட்டியபோது, இந்தியரின் எண்ணிக்கை உணவைவிட வேகமாகப் பெருகுகிறது என்ற அதே வாதத்தை வைஸ்ராய் லிட்டன் முன்வைத்தார். தானிய ஏற்றுமதி தொடர்ந்தது; நிவாரணத்தை மேற்பார்வையிட அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியில் தானிய அளவை நாளைக்கு ஒரு பவுண்டாகக் குறைத்தார். மாண்டவர்கள் அரைக் கோடிக்கும் மேல் என்று மதிப்பிடப்படுகிறது. இதே டெம்பிள் 1873–74இல் பீகாரில் மழை பொய்த்தபோது பர்மாவிலிருந்து அரிசி தருவித்துப் பெருஞ்சாவைத் தடுத்தவர். அதற்கு அதிகச் செலவு செய்தார் என்று கண்டிக்கப்பட்டவரும்கூட. மூன்றே ஆண்டுகளில் மாறியது மக்கள்தொகை அல்ல, அரசின் முடிவு. 1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், உணவைப் பெறும் உரிமை இழந்தவர்களே மடிகிறார்கள் என்று 1981இல் விரித்துக் காட்டினார்.

ரசாயன உரத்துக்கு எரிவாயுவும் பாசனத்துக்கு நிலத்தடி நீரும் தேவை, இரண்டும் தீரக்கூடியவை, ஆகவே மால்தஸ் சொன்ன நாள் தள்ளிப்போயிருக்கிறதே தவிர வராமல் போகாது என்பது வலுவான மறுப்பு. எல்லை உண்டு என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் அந்த எல்லையை நெருக்குவது வெறும் எண்ணிக்கை அல்ல: ஒரு அமெரிக்கர் வெளியிடும் கரியமில வாயு ஒரு இந்தியருடையதைப்போல் பல மடங்கு. தவிர, வசதி கூடினால் பிள்ளைகளும் கூடும் என்ற மால்தஸின் கணிப்பு தலைகீழானது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1.8 என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இந்தச் சரிவைக் கொண்டுவந்தவை பெண்கல்வியும் கருத்தடை வசதியும் பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கையும். பஞ்சம் அல்ல.