மீன் வளர்த்த நீரில் கீரை: பழைய பாடம், புதிய தொட்டி

வீட்டின் பின்புறம் ஒரு மீன் தொட்டி. அதற்கு மேல் கூழாங்கல் நிரப்பிய தட்டில் கங்கோங் கீரை. அக்குவாபோனிக்ஸ் என்றதும் இதனை மேல்நாட்டு வித்தை என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால், இதன் வேர் ஆசிய வயல்களில்தான் இருக்கிறது.

சீனாவின் சிங்தியான் வட்டாரத்தில் நெல்வயலிலேயே மீன் வளர்க்கும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக உண்டு. 2005-இல் ஐ.நா. உணவு, விவசாய நிறுவனம் அதனை உலக வேளாண் மரபாக அங்கீகரித்தது.

மலேசியாவுக்கும் இது புதிதல்ல. பேராக் மாநிலத்தின் கிரியான் வயல்களில் நெல்லோடு செப்பாட் சியாம் மீனும் விளைந்தது. விவசாயிக்கு அது கைச்செலவுக்குக் காசு; வீட்டுக்குக் குழம்பு. பின்னர் இருபோகச் சாகுபடியும் பூச்சிமருந்தும் வந்தன. நெல் பெருகியது. ஆனால், வயலில் நீர் நிற்கும் காலம் சுருங்கியது. மருந்து மீனைக் கொன்றது. நெல்லின் கணக்கு ஏறியபோது மீனின் கணக்கு இறங்கிப் போனது.

இன்றைய தொட்டி முறை உருவானது அமெரிக்காவில். 1969-இல் தொடங்கிய நியூ அல்கெமி ஆய்வுக்கழகம் மீனையும் செடியையும் இணைத்துப் பார்த்தது. 1980-களில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்க் மெக்மர்ட்ரி மீன்நீரை மணல் பாத்திகளில் பாய்ச்சினார். வெர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரகோசி திலாப்பியாவையும் கீரை வகைகளையும் பெரிய அளவில் சேர்த்து வளர்த்துக் காட்டினார்.

இதில் உழைப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். மீன் கழிவிலுள்ள அம்மோனியாவை அவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு செடிக்கு உரமாகும் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். அதற்குள் அவசரப்பட்டு நிறைய மீன்களை விடுபவர்களே பெரும்பாலும் தோற்கின்றனர். மின்சாரம் நின்றால் காற்றோட்டமும் நிற்கும் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, வாசலில் நான்கு கீரைச் செடி இருப்பதன் அருமை பல குடும்பங்களுக்குப் புரிந்தது. ஒரு தொட்டி, குடும்பம் முழுவதற்கும் சோறு போடாது. ஆனால், அதில் பூச்சிமருந்து தெளிக்க முடியாது. தெளித்தால் மீன் செத்துவிடும். கிரியான் வயலில் மீனை அழித்த அதே காரணம், இங்கே கீரைக்குக் காவலாக நிற்கிறது. பிள்ளைகளின் தட்டில் விழும் கீரை எப்படி விளைந்தது என்று பெற்றோர் அறிந்திருப்பது சிறிய லாபமா?