மேடையினின்று திரைக்கு: ருஷ்ய ஹாம்லெட்டின் வரலாறு

ஒரு நாடகத்தை ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பது அரிய செயல் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வர். மேடையினின்று திரைக்குக் கொணர்வதும் ஒருவகை மொழிபெயர்ப்பே என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கதை அதுவே, மாந்தர் அவர்களே. காமிராவை எதிரே நிறுத்திவிட்டால் போதாதா என்று கேட்போர் உண்டு. போதாது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு நாள்தோறும் எழும் வினாவே இங்கும் எழுகிறது. எதை விடலாம்? எதை விட்டால் மூலமே போய்விடும்? இவ்வினாவுக்கு 1964 ஆம் ஆண்டில் லெனின்கிராட் நகரில் கிடைத்த விடையொன்றை நாம் இங்கு ஆராய்வோம். அந்நகரம் 1991 முதல் மீண்டும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என வழங்கப்படுகிறது.

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தைச் சினிமா தன் குழந்தைப் பருவத்திலேயே நாடியது. 1900 இல் பாரிஸ் கண்காட்சியின்போது, ஹாம்லெட் வேடம் பூண்ட பிரெஞ்சு நடிகை ஸாரா பெர்னார் வாட்போர் புரியும் காட்சி சிறு படமாகக் காட்டப்பெற்றது. நம் நாட்டில், மேடைவழி வந்த ஸோராப் மோடி 1935 இல் 'கூன் கா கூன்' என்னும் பெயரில் அதனைப் பேசும் படமாக்கினார். தமிழிலோ அதற்கு முன்னரே பம்மல் சம்பந்த முதலியார் இந்நாடகத்தை 'அமலாதித்யன்' எனத் தழுவி மேடையேற்றியிருந்தார். ஆகவே, டென்மார்க் இளவரசனின் துயரம் நமக்கும் அயலானதன்று.

இந்நாடகத்தைப் படமாக்க முனைவோர் முதலில் எதிர்கொள்வது அதன் நீளம். 1600 ஆம் ஆண்டையொட்டி எழுதப்பெற்ற இந்நாடகம் ஏறத்தாழ 4,000 வரிகள் கொண்டது. ஒரு வரியும் விடாது நடித்தால் 4 மணி நேரமாகும். 1996 இல் கென்னத் பிரானா அவ்வாறே முழுமையாகப் படமாக்கிக் காட்டினார். ஆயினும், பிறர் பெரும்பாலும் குறைத்தே எடுத்துள்ளனர்.

குறைப்பதற்கு நீளம் மட்டும் காரணமன்று. ஷேக்ஸ்பியரின் அரங்கு மேற்கூரை திறந்தது. திரைச்சீலைக் காட்சிகள் அற்றது. நாடகம் பிற்பகல் வெயிலில் நடைபெறும். அவ்வெயிலில் நின்றுகொண்டு, இது நள்ளிரவு, கடுங்குளிர், கோட்டை மதில் என்று அவையோரை நம்பச் செய்யவேண்டும். அப்பணியைச் சொல்லே செய்தது. நடிகர் பேசப் பேச இருள் கவிந்தது. பேசப் பேசப் பொழுது புலர்ந்தது. திரையிலோ இருளைக் காமிரா காட்டிவிடுகிறது. கண் கண்டதையே செவியும் கேட்குமாயின், சொல் சுமையாகிவிடும். எனவே, வெட்ட வேண்டுவது தவிர்க்கவியலாதது. எங்கே வெட்டுவது என்பதில்தான் கலைஞனின் நோக்கம் வெளிப்படுகிறது.

1948 இல் லாரன்ஸ் ஒலிவியர் எடுத்த ஆங்கிலப் படத்தில் ராஸன்கிராண்ட்ஸ், கில்டன்ஸ்டெர்ன் என்னும் ஒற்றர் இருவர் இல்லை. நார்வே இளவரசன் ஃபோர்டின்பிராஸும் இல்லை. அரசியல் அகன்றது, ஒரு குடும்பத்தின் மாளிகையும் ஒரு மனிதனின் தடுமாறும் மனமும் எஞ்சின. ஆஸ்கார் பரிசுகள் நான்கு பெற்ற அப்படம் அவ்வழியில் உயர்ந்ததே. எனினும், அரசையும் வேவையும் நீக்கியபின் ஹாம்லெட் எதனை எதிர்த்து நிற்கிறான் என்னும் ஐயம் எஞ்சுகிறது.

ருஷ்யாவில் இவ்வையத்துக்கு இடமிருக்கவில்லை. அங்கே இந்நாடகத்தின் வரலாறே துன்பியல் நாடகம் போன்றது. 1930களின் இறுதியில் இயக்குநர் மேயர்ஹோல்ட், கவிஞர் போரிஸ் பாஸ்டர்நாக்கை ஹாம்லெட்டை மொழிபெயர்த்துத் தருமாறு வேண்டினார். 1939 இல் மேயர்ஹோல்ட் கைது செய்யப்பட்டார். சில வாரங்களுக்குள் அவர் மனைவி, நடிகை ஸினைடா ராய்க், தம் இல்லத்திலேயே கொலையுண்டார். 1940 பிப்ரவரியில் மேயர்ஹோல்ட் சுட்டுக்கொல்லப்பட்டார். பணித்தவர் மறைந்தும் கவிஞர் பணியைக் கைவிடவில்லை; மொழிபெயர்ப்பு 1940 இல் வெளியாயிற்று. மாஸ்கோ கலை அரங்கம் அதனை ஏற்று ஒத்திகை பார்த்தது. ஆயினும் மக்கள் முன் அரங்கேற்றவில்லை. கொலையால் அரியணை ஏறியவனின் அவையில் உண்மையை அறிந்தவன் ஒருவன் எவ்வாறு வாழ்வது என்னும் வினா, அந்நாளில் அந்நாட்டில் வெறும் நாடக வினாவாக இருந்திருக்க முடியாது.

ஸ்டாலின் 1953 இல் மறைந்தார். மறு ஆண்டே லெனின்கிராடின் புஷ்கின் அரங்கில், பாஸ்டர்நாக்கின் மொழிபெயர்ப்பைக் கொண்டு ஹாம்லெட்டை மேடையேற்றினார் கிரிகோரி கோஸின்ட்ஸெவ். 1905 இல் கீவ் நகரில் பிறந்த இவர், இளமையிலேயே பேசாப் படங்கள் இயக்கிப் புகழ் பெற்றவர். ஆகவே, சொல்லின்றிக் கதை சொல்லும் கலையும் வல்லவர், சொல்லே உயிரான மேடையும் அறிந்தவர். மொழிபெயர்ப்பில் எவ்வளவு குறைக்கலாம் என்று அவர் கேட்டபோது பாஸ்டர்நாக் அளித்த விடை வியப்புக்குரியது. விரும்பியவாறு வெட்டலாம் என்றார் கவிஞர். எந்த நாடகத்திலும் பாதி வாசகம், நடிப்போருக்குப் பொருளை உணர்த்துவதற்காக ஆசிரியர் எழுதிவைத்த குறிப்பே என்பது அவர் கருத்து. தாம் வருந்தி இயற்றிய வரிகளைக் குறித்து ஒரு மொழிபெயர்ப்பாளர் இவ்வாறு கூறுவது எளிதன்று. இவ்வுரிமையே பின்னர்ப் படத்துக்கு வழி திறந்தது.

படம் வெளிவந்த 1964, ஷேக்ஸ்பியர் பிறந்த 400 ஆம் ஆண்டு. லென்ஃபில்ம் நிலையத்தார் அதனைக் கறுப்பு வெள்ளையில், அகன்ற திரைக்கேற்ப எடுத்தனர். கோட்டைக் காட்சிகளுக்கு இவான்கொரோட் கோட்டை பயன்பட்டது. ஷேக்ஸ்பியர் சொல்லால் எழுப்பியதைக் கோஸின்ட்ஸெவ் கல்லாலும் இரும்பாலும் தீயாலும் கடலாலும் எழுப்பினார். தந்தை இறந்த செய்தி கேட்டு ஹாம்லெட் குதிரையில் விரைந்து வருகிறான். அவன் உட்புகுந்ததும் அகழிப் பாலம் மெல்ல மேலெழுகிறது, வாயில் அடைபடுகிறது. டென்மார்க் ஒரு சிறை என்று நாடகத்தில் அவன் இடையில் ஓரிடத்தில் கூறுவதை, படம் தொடக்கத்திலேயே ஒரு சொல்லுமின்றிக் கூறிவிடுகிறது.

புது மன்னன் கிளாடியஸின் முதற்பேருரை மூலத்தில் ஒருவன் வாய்ப்பட்டது. படத்தில் அதன் ஒரு பகுதியை முரசறைவோன் எளிய மக்களுக்குப் படிக்கிறான். அயல்நாட்டுத் தூதுவர் தத்தம் மொழியில் அதனையே பேசிக்கொள்கின்றனர். பின்னரே மன்னன் அவையில் தொடர்கிறான். ஒரு பொய் மன்னன் வாயினின்று எவ்வாறு நாட்டின் வழக்காகிறது என்பதை இப்பகுப்பு விளக்குகிறது. ஒரு வரியையும் புதிதாக எழுதாது பகிர்ந்தளித்தே இப்பொருளை உண்டாக்கினார் இயக்குநர்.

ஒஃபீலியாவின் நிலையும் அத்தகையதே. தொடக்கத்தில் அவளுக்கு நடனம் பயிற்றுகின்றனர். பொம்மையைப் போல் அசைகிறாள். தந்தை இறந்தபின் துக்க உடைக்கு அடியில் அவளுடலை இரும்புச் சட்டகத்தால் பிணிக்கின்றனர். அவள் ஏன் சித்தம் கலங்கினாள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை. வாழ்வதா சாவதா எனத் தன்னையே வினவும் புகழ்பெற்ற தனிமொழியை இன்னொகென்டி ஸ்மோக்டுனோவ்ஸ்கி வாய்திறந்து பேசவில்லை. கடற்கரைப் பாறைகளிடையே அவர் நடக்க, உள்ளக்குரலாக அது ஒலிக்கிறது. சுவர்களுக்கும் செவியுள்ள கோட்டையில், சிந்திப்பவன் வெளியே சென்று, அங்கும் வாய்திறவாதுதான் சிந்திக்கவேண்டும்.

ஒலிவியர் நீக்கிய ஒற்றர் இருவரும் இங்குண்டு. ஒரு குழலைக்கூட வாசிக்கத் தெரியாத நீங்கள் என்னை வாசிக்க முனைகிறீர்களா என்ற பொருள்பட ஹாம்லெட் அவர்களைக் கேட்கும் இடம் படத்தின் நடுநாயகமாக விளங்குகிறது. மனிதன் பிறர் விரலுக்கிசையும் கருவியல்லன் என்பதே கோஸின்ட்ஸெவ் எதை வெட்டினும் வெட்டாது காத்த பொருள். இசையமைத்த ஷோஸ்டகோவிச்சும் இப்பொருளை அறியாதவரல்லர். 1936 இலும் 1948 இலும் அரசின் கண்டனத்துக்கு உள்ளானவர் அவர். சொல் குறைந்த இடங்களில் அவர் இசையே மனச்சான்றின் குரலாகிறது.

இழப்பு இல்லையா என்றால், உண்டு. மூலத்தின் ஹாம்லெட் தன்னையே கேலி செய்வான், சொற்களைப் புரட்டி விளையாடுவான், முன்சொன்னதை மறுப்பான். படத்தின் ஹாம்லெட் உறுதி மிக்கவன்; ஐயம் குறைந்தவன். மூலம் படித்தோர் இக்குறையை உணர்வர். எனினும், எல்லாவற்றையும் சிறிது சிறிதாகக் கொணர்ந்து எதனையும் முழுமையாகக் கொணராத பெயர்ப்பினும், ஒன்றைத் தேர்ந்து அதனைப் பழுதின்றிக் கொணர்ந்த பெயர்ப்பே மேலானது என்பது நம் கருத்து. ஒலிவியர் மனத்தைத் தேர்ந்தார். கோஸின்ட்ஸெவ் மனச்சான்றைத் தேர்ந்தார். அரசையும் ஒற்றரையும் காவலரையும் உடன்கொணராது மனச்சான்றைக் காட்டவியலாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

வெனிஸ் திரைப்பட விழாவில் படம் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்றது. 1965 இல் இயக்குநருக்கும் ஸ்மோக்டுனோவ்ஸ்கிக்கும் லெனின் பரிசு வழங்கப்பட்டது. பாஸ்டர்நாக் இவற்றைக் காணவில்லை. 1958 இல் நோபெல் பரிசை மறுக்குமாறு நெருக்கப்பட்டு, எழுத்தாளர் சங்கத்தினின்றும் விலக்கப்பட்டு, 1960 இல் அவர் காலமானார். சங்கம் அவ்விலக்கை 1987 இல்தான் நீக்கியது. ஆனால் 1964 லேயே, அரசு நிலையம் எடுத்து அரசே பரிசளித்த அப்படத்தின் முகப்பில் மொழிபெயர்ப்பாளர் என அவர் பெயர் நின்றது.

கோஸின்ட்ஸெவ் 1971 இல் லியர் மன்னனையும் படமாக்கினார்; 1973 இல் மறைந்தார். அப்படத்திற்கும் சொற்கள் பாஸ்டர்நாக்கினவே, இசை ஷோஸ்டகோவிச்சினதே. அதன் தொடக்கத்தில் மன்னனைக் காணுமுன், கற்கள் நிறைந்த நிலத்தில் கோட்டையை நோக்கி நடக்கும் எளியோர் கூட்டத்தைக் காண்கிறோம். மன்னர் இழைக்கும் பிழையின் விலையைக் கொடுப்போர் இவர்களே. மூலத்தில் அவர்களுக்கு வரியேதும் இல்லை. திரையில் அவர்களுக்கு இடம் கிடைத்தது.