பூட்டிய டப்பாவும் திறந்த டப்பாவும்

"கிட், கிட் என்கிறீர்களே, அது என்ன?" என்று வீட்டில் கேட்பவர்களுக்காக இந்தப் பதிவு. கணினிக்குச் சம்பந்தமில்லாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம் :-)

நிரல் எழுதுபவர்களுக்கு ஒரு பழைய கவலை உண்டு. நேற்று இது எப்படி இருந்தது, யார் மாற்றினார்கள்? இதற்காக 1972-ல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் எஸ்.சி.சி.எஸ். என்ற கருவியை எழுதினார். 1986-ல் சி.வி.எஸ். வந்தது. லினக்ஸ்காரர்கள் 2002-லிருந்து பிட்கீப்பரைப் பயன்படுத்தினார்கள். அது ஒரு நிறுவனத்தின் சொத்து. இலவசம்தான், ஆனால் இலவசமாக வாங்கியவர்கள் போட்டிக் கருவி செய்யக்கூடாது என்று நிபந்தனை.

சாம்பா எழுதிய ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பிட்கீப்பர் இல்லாமலேயே அதன் சர்வரிலிருந்து வரலாற்றை எடுக்க ஒரு சின்ன நிரல் எழுதினார். பெரிய மாயமில்லை. டெல்நெட்டில் இணைந்து 'ஹெல்ப்' என்று அடித்தால், சர்வரே தன் கட்டளைகளைப் பட்டியல் போட்டது! நிறுவனம் கோபித்துக்கொண்டு இலவசத்தை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோரின் உழைப்பு, சாவி மட்டும் இன்னொருவரிடம்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரல் 3-ல் கிட் எழுத ஆரம்பித்தார். 7-ம் தேதி கிட் தன் வரலாற்றைத் தானே சேமித்தது.

உள்ளே என்ன இருக்கிறது? மும்பை டப்பாவாலாக்களை நினைத்துக்கொள்ளுங்கள். டப்பா மூடியில் உள்ள குறி, அது எங்கே போக வேண்டும் என்று சொல்லும். கிட்டிலும் ஒவ்வொரு டப்பாவுக்கும் 40 எழுத்துக் குறி உண்டு. ஆனால் அது உள்ளே இருக்கும் சாம்பாரிலிருந்தே கணக்கிடப்படுகிறது. ஒரு சிட்டிகை உப்பு கூடினாலும் குறி மாறிவிடும். முதல் இரண்டு எழுத்து அடைவின் பெயர், மீதி 38 கோப்பின் பெயர்.

கோப்பைத் திறந்தால் கிறுக்கல்தான் தெரியும். காரணம், இசட்லிப் முறையில் அமுக்கி வைத்திருக்கிறது. பைத்தானில் நாலைந்து வரியில் விரித்துவிடலாம். முதலில் வகை, ஒரு இடைவெளி, நீளம், ஒரு பூஜ்ய பைட், பிறகு சரக்கு. அவ்வளவுதான். நம்மவர்கள் இங்கே கவனிக்க வேண்டும்: நீளம் என்பது பைட் கணக்கு. 'அம்மா' நமக்கு மூன்று எழுத்து, யூ.டி.எஃப்.-8-ல் 15 பைட். எழுத்தை எண்ணினால் பாதியில் வெட்டுப்படும்.

ஆரம்ப நாட்களில் அமுக்கிய பிறகு குறி கணக்கிட்டார்கள். அதே ஏப்ரலிலேயே அமுக்குவதற்கு முன் என்று மாற்றினார்கள். சரியான முடிவு. பொட்டலம் கட்டும் விதம் மாறினாலும் பொருளின் பெயர் மாறக்கூடாதல்லவா?

பிறகு பல டப்பாக்களை ஒரே மூட்டையாக்கும் 'பேக்' கோப்புகள் வந்தன. அதில் முழுப் பிரதிக்குப் பதிலாக வித்தியாசம் மட்டும் இருக்கலாம். அதைப் பிரிக்க நாலு வரி போதாது. ஆனாலும் முறை முழுவதும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம்.

இது நமக்குப் புதிதா என்ன? 1990-களில் தமிழ்ப் பத்திரிகைகளும் மென்பொருள்காரர்களும் ஆளுக்கொரு எழுத்துருக் குறியீடு வைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லையென்றால் நம் அம்மா மொழியே கிறுக்கலாகத் தெரியும். டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிகள் எழுதித்தான் பல பக்கங்களைக் காப்பாற்றினார்கள். 1998 பொங்கலன்று ஆரம்பித்த மதுரைத் திட்டமும் டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு நகர்ந்ததால்தான் இன்று எல்லாரும் அதைப் படிக்க முடிகிறது.

2016-ல் பிட்கீப்பரும் திறமூலமாகிவிட்டது. காலம் கடந்த ஞானம்! அதற்குள் உலகமே கிட்டுக்கு வந்திருந்தது.

உங்கள் வீட்டிலும் பழைய எழுத்துருவில் தட்டிய கடிதங்கள், கவிதைகள், கல்யாணப் பத்திரிகைகள் ஏதாவது சி.டி.யில் கிடக்கலாம். அந்தக் குறியீடு தெரிந்தவர்கள் இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள்.