ரெண்டு கிட், ரெண்டு ரிசல்ட்: எதை நம்புறது?

1/ காய்ச்சல், இருமல். காலையில் வீட்டிலேயே போட்ட கொரோனா டெஸ்ட்டில் ரெண்டு கோடு, பாசிட்டிவ். சாயங்காலம் இன்னொரு கிட்டில் ஒரே கோடு, நெகட்டிவ். "டாக்டர், நைட் ஷிஃப்ட்டுக்குப் போகலாமா?"

புதுவாயல், கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரே ரூமில் பல பேர் தங்கி கம்பெனிக்குப் போறவங்களுக்கு ஒரு நாள் லீவுன்னா ஒரு நாள் சம்பளம். அதனால இந்தக் கேள்வியை லேசா எடுத்துக்க முடியாது. இதற்கான பதில் 2020லேயே கிடைச்சது.

2/ 2020 ஏப்ரலில் சீனாவிலிருந்து ரேபிட் கிட்டுகள் வந்தன. ரத்தத்தில் ஆன்டிபாடியைத் தேடுபவை. தொற்று வந்து அது உருவாகவே பல நாள் ஆகும். முடிவுகள் சரியில்லை என்று ராஜஸ்தான் புகார் சொன்னது. ஏப்ரல் 27ல் ரெண்டு சீன நிறுவனங்களின் கிட்டுகளை நிறுத்தச் சொன்னது ஐசிஎம்ஆர்.

3/ ஜூன் 14ல் ஆன்டிஜென் டெஸ்ட்டுக்கு அனுமதி. இது மூக்கில் வைரஸின் புரதத்தையே தேடுவது. ஐசிஎம்ஆரும் எய்ம்ஸும் சோதித்ததில்:

👉 தொற்று உள்ளவர்களில் கண்டுபிடித்தது 50.6% முதல் 84% வரை
👉 தொற்று இல்லாதவர்களை "இல்லை" என்று சரியாகச் சொன்னது 99.3% முதல் 100% வரை

அதாவது இந்த டெஸ்ட் "இருக்கு" என்றால் பெரும்பாலும் இருக்கு. "இல்லை" என்றால் தவறவிட்டிருக்கலாம். அதனால்தான் அறிகுறி இருந்து நெகட்டிவ் வந்தால் ஆர்டிபிசிஆர் கட்டாயம் என்றார்கள். தமிழ்நாடு அப்போது பெரும்பாலும் ஆர்டிபிசிஆரையே நம்பியதற்கும் காரணம் உண்டு. அது வைரஸின் மரபணுவைப் பல மடங்கு பெருக்கிப் பார்ப்பதால் கொஞ்சம் வைரஸ் இருந்தாலும் காட்டிவிடும்.

4/ 2021 மே மாதம், புனேயின் மைலேப் தயாரித்த 'கோவிசெல்ஃப்' மூலம் டெஸ்ட் நம்ம வீட்டுக்கே வந்தது. விதி மாறவில்லை. பாசிட்டிவ் என்றால் பாசிட்டிவ்தான், மறுபடி டெஸ்ட் வேண்டாம். அறிகுறியோடு நெகட்டிவ் என்றால் ஆர்டிபிசிஆர், ரிசல்ட் வரும்வரை தனிமை.

5/ அப்போ ரெண்டு ரிசல்ட் ஏன்? குச்சியை மூக்கில் சரியாகச் சுழற்றாமல் இருந்திருக்கலாம். வைரஸ் குறைவாக இருக்கும் நாளாக இருக்கலாம். குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு பார்த்த கோடும் செல்லாது.

6/ ஆகவே மூணாவது கிட் வாங்கி மெஜாரிட்டி பார்க்காதீங்க. டெஸ்ட் முடிவு தேர்தல் இல்லை. நைட் ஷிஃப்ட் வேண்டாம். மாஸ்க் போடுங்க, தனியாப் படுங்க, அரசு மருத்துவமனைக்கு வாங்க. மூச்சு வாங்கினாலோ ஆக்சிஜன் 94க்குக் கீழே போனாலோ எந்த ரிசல்ட்டுக்காகவும் காத்திருக்காம உடனே கிளம்புங்க. ஒரே ஒரு நெகட்டிவ் கோட்டை நம்பி நீங்க ஷிஃப்ட்டுக்குப் போனா, ரூமில் இருக்கிற எல்லாருடைய சம்பளமும் போகும்.