நிலவில் இறங்கும் பயிற்சி ஊர்திகள்

நிலவு இறங்கு ஆய்வு ஊர்தி என்பது, நிலவின் ஈர்ப்பு விசையைப் புவியிலேயே போலச்செய்து தரையிறங்கலைச் சோதிப்பதற்காக அப்பல்லோ திட்டத்தின்போது அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட பறக்கும் எந்திரமாகும். இதை பெல் ஏரோசிஸ்டம்ஸ் நிறுவனம் நாசாவுக்காகக் கட்டியது. குழாய்ச் சட்டங்களால் ஆன அதன் தோற்றத்தைக் கண்டவர்கள் 'பறக்கும் கட்டில்' என்றே அழைத்தனர்.

நிலவின் ஈர்ப்பு புவியினுடையதில் ஆறில் ஒரு பங்கு. எனவே அங்கு ஒரு கலத்தை அந்தரத்தில் நிறுத்தக் குறைந்த உந்துவிசையே போதும். சிக்கல் பக்கவாட்டு நகர்வில்தான். உந்துவிசை குறைவாக இருப்பதால், கலத்தை அதிகம் சாய்த்தால்தான் அது நகரும். நகரத் தொடங்கினால் நிறுத்தவும் அதே அளவு எதிர்ப்புறம் சாய்க்க வேண்டும். புவியில் 5 பாகை சாய்வில் கிடைக்கும் முடுக்கத்திற்கு நிலவில் ஏறத்தாழ 28 பாகை தேவை. உலங்கு வானூர்தியில் பழகிய விமானிக்கு இது முற்றிலும் புதிது.

இதற்கு இரு வழிகள் கையாளப்பட்டன. லாங்லி ஆய்வு மையத்தில் 1965-இல் இயங்கத் தொடங்கிய பெரும் இரும்புச் சட்டகத்தில், கலத்தின் எடையில் ஆறில் ஐந்து பங்கைக் கம்பிவடங்கள் தாங்கின. இது பாதுகாப்பானது; ஆனால் சட்டகத்தின் எல்லையைத் தாண்டிப் பறக்க முடியாது.

பறக்கும் கட்டிலில் அந்த ஆறில் ஐந்து பங்கைத் தாங்கியது, நடுவில் செங்குத்தாகப் பொருத்தப்பட்ட ஒரு தாரை எந்திரம். சட்டகம் எப்படிச் சாய்ந்தாலும் எந்திரம் நேராகவே நிற்கும். எஞ்சிய ஒரு பங்கை ஹைட்ரஜன் பெராக்சைடில் இயங்கிய ஏவூர்திகளால் விமானியே சமாளிக்க வேண்டும். 1964 அக்டோபர் 30 அன்று எட்வர்ட்ஸ் வான்படைத் தளத்தில் ஜோ வாக்கர் இதை முதலில் பறக்கவிட்டார். அன்று அது எட்டிய உயரம் சுமார் 10 அடி மட்டுமே.

1968 மே 6 அன்று நீல் ஆம்ஸ்ட்ராங் எல்லிங்டன் தளத்தில் பயிற்சி செய்தபோது, கலத்தின் நிலையைக் கட்டுப்படுத்தும் சிற்றேவூர்திகள் செயலிழந்தன. கலம் சாயவே, அவர் இருக்கையோடு வெளியேறிக் குடைமிதவையில் இறங்கினார். கலம் எரிந்து போனது. அவருக்கு ஏற்பட்ட காயம் நாக்கைக் கடித்துக்கொண்டது மட்டுமே. அன்றே அவர் அலுவலக மேசையில் வேலை செய்துகொண்டிருந்ததாகச் சக வீரர் ஆலன் பீன் பின்னர் கூறியுள்ளார்.

அதே ஆண்டு டிசம்பரிலும் 1971 சனவரியிலும் மேலும் இரண்டு கலங்கள் விழுந்தன. ஆக, கட்டப்பட்ட ஐந்தில் மூன்று அழிந்தன. உயிரிழப்பு இல்லை என்பது வியப்புதான். நாசா மேலாளர்கள் ராபர்ட் கில்ருத், கிறிஸ் கிராஃப்ட் இருவரும் இப்பயிற்சியை நிறுத்திவிட விரும்பினர். வீரர்கள் அதற்கு இணங்கவில்லை. விபத்துக்குத் தப்பிய ஆம்ஸ்ட்ராங்கே 1969 சூனில் மீண்டும் இதில் பறந்தார்.

அடுத்த மாதம் நிலவில், தானியங்கி வழிகாட்டி ஈகிளைப் பாறைகள் நிறைந்த பள்ளத்தை நோக்கிக் கொண்டுசென்றபோது, அவர் கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுத்து, அதைக் கடந்து இறக்கினார். ஈகிள் பயிற்சிக் கலத்தைப் போலவே நடந்துகொண்டது என்று பின்னர் தெரிவித்தார்.