கணக்குக் காட்டும் கடன்

ஊர்ப்பணத்தைக் கையாளும் பொறுப்பை ஏற்பவன் அவ்வூருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன். இக்கருத்து மேனாட்டார் ஆட்சியோடு வந்த புதுமையென எண்ணுவாரும் உளர். வரலாற்றை நோக்கின் அவ்வெண்ணம் பிழையென்பது புலனாகும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் தொண்டை நாட்டு உத்தரமேரூரிலே கல்லில் வெட்டப்பெற்ற விதிகளே அதற்குச் சான்று. அவ்விதிகளை இலங்கையில் எழுந்த சட்டங்களோடு ஒப்புநோக்கி, சப்பிரகமுவத் தோட்டப்புற மக்களுக்கு அச்சட்டங்களால் விளைந்தது யாதென ஆராய்வது பயனுடைத்து.

முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919இலும் 921இலும், உத்தரமேரூர்ச் சபையார் தம் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிவு செய்யும் முறையை வகுத்தனர். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலை நறுக்குகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. விவரமறியாச் சிறுவன் ஒருவன் அவற்றுள் ஒன்றை எடுத்தான். அதனைப் பெறும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும்; ஏற்ற ஓலையை யாவரும் கேட்க வாசிக்க வேண்டும். கையிலே வேறோர் ஓலை மறைந்திராதென்பதை அவையிலுள்ளார் அனைவரும் காணவே இவ்வேற்பாடு என்பது வெளிப்படை.

தெரிவுக்குரியவன் 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குள்ளும் இருத்தல் வேண்டும். வரி செலுத்தும் கால் வேலி நிலமும், தன் மனையிற் கட்டிய வீடும் உடையவனாதல் வேண்டும். முந்திய மூன்றாண்டுகளில் வாரியப் பணி செய்திருத்தல் கூடாது. பிறர் பொருளைக் கவர்ந்தவன் விலக்கப்பட்டான். இவையனைத்தினும் கூர்மையான விதி பிறிதொன்று உண்டு. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் தெரிவுக்கு வர இயலாது. அவன் மட்டுமன்றி அவனுடைய தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமனார், மருமகன், மைத்துனன் முதலிய உறவினரும் விலக்கப்பட்டனர். உறவினன் ஒருவன் அவ்விடத்துக்கு வந்தால் பழைய குறை மறைக்கப்படும் என்னும் உலகியலறிவு இவ்விதியில் விளங்குகின்றது.

எனினும் இதனைக் குறையற்ற குடியாட்சி எனப் போற்றுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. அவ்வூர் ஒரு சதுர்வேதிமங்கலம். நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணரே அதன் சபையில் இடம்பெற்றனர். வயலில் உழைத்தோர்க்கு அங்கே குரலில்லை. ஆகவே இத்துறையில் இரு கேள்விகளைப் பிரித்து நோக்குதல் வேண்டும். கணக்குக் காட்ட வேண்டியவர் எவர் என்பது ஒன்று. எவருக்குக் காட்ட வேண்டும் என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு உத்தரமேரூர் உறுதியாக விடையளித்தது. இரண்டாவதற்கு அது தந்த விடை மிகக் குறுகியது.

இலங்கையின் வரலாறு மறுதலையானது. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு வந்தபொழுது ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கிடைத்தது. தோட்டத் தொழிலாளருள்ளும் கணிசமானோர் அதனைப் பெற்றனர். ஆனால் தெரிவு செய்யப்பட்டோரின் ஒழுக்கத்தைக் காக்கும் விதிகள் பிந்தியே வந்தன. அரசாங்க சபை உறுப்பினர் சிலர் இலஞ்சம் பெற்றனர் என எழுந்த குற்றச்சாட்டை எல். எம். டி. டி சில்வா விசாரித்தார். அவ்வறிக்கை 1943இல் வெளிவந்தது. அதற்குப் பதினோராண்டுகள் கழிந்தே, 1954இல், கொடுப்போரையும் பெறுவோரையும் ஒருங்கே தண்டிக்கும் இலஞ்சச் சட்டம் நிறைவேறியது.

தண்டனைச் சட்டம் வந்தபோதிலும் கணக்குக் காட்டும் கடன் வலுப்பெறவில்லை. 1946ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல் கட்டளை, வேட்பாளர் தம் தேர்தற் செலவுக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டுமென விதித்திருந்தது. விகிதாசாரத் தெரிவு முறைக்கென 1981இல் இயற்றப்பட்ட சட்டத்தில் அவ்விதி இடம்பெறவில்லை. சொத்து விவரம் பற்றிய 1975ஆம் ஆண்டுச் சட்டமோ விந்தையானது. அதன் கீழ்க் கட்டணம் செலுத்தி ஒருவரது வெளிப்படுத்துகையைப் பார்வையிட இடமிருந்தது. பார்த்ததைப் பிறருக்கு உரைக்க இடமில்லை. அவை நடுவே ஓலையை வாசித்த வழக்கத்துக்கும் இதற்கும் உள்ள தொலைவு சிறிதன்று.

தோட்டப்புறத்திலோ இரண்டாம் கேள்வியின் வாயிலும் அடைபட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பினின்றும் நீக்கின. வாக்கில்லாதவனுக்கு வேட்பாளன் எதற்குக் கணக்குக் காட்டுவான்? வாக்குக் கேட்டு வராதவன் வாக்குறுதியும் அளிப்பதில்லை. அளிக்காத வாக்குறுதியைத் தவறினான் என எவரும் குறைகூறவும் இயலாது. நாடற்றோர் நிலை முடிவுற 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வேண்டியிருந்தன.

இதன் விளைவைக் காண இரத்தினபுரி மாவட்டத்துக் கொடகவெலயை நோக்கலாம். பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டியவுக்குச் செல்லும் பெருவீதியில் அமைந்தது அவ்வூர். தோட்டங்கள் சூழ்ந்த அப்பிரதேசத்துக்குப் பிரதேச சபை ஒன்று உண்டு. அத்தகைய சபைகளை நிறுவிய 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில், சபை நிதியைத் தோட்ட எல்லைக்குள் செலவிடத் தெளிவான இடம் இருக்கவில்லை. தோட்டத்தான் வாக்களித்து உறுப்பினரை அனுப்பினாலும், அவன் லயத்துக்குச் செல்லும் பாதையைச் செப்பனிடக் கேட்டால் சட்டம் குறுக்கே நின்றது. 2018இல் வந்த திருத்தமே அத்தடையை நீக்கிற்று. அதுவரையும் அவன் வாக்கு இருந்தது. அவன் பங்கைக் குறிக்கும் வரி கணக்கேட்டில் இல்லை.

2023இல் இரு சட்டங்கள் நிறைவேறின. ஊழல் எதிர்ப்புச் சட்டம், மறைக்க வேண்டிய தனிப்பட்ட விவரங்கள் நீங்கலாக, பதவியாளரின் சொத்து வெளிப்படுத்துகைகளைப் பொதுமக்கள் காண வழிசெய்தது. தேர்தற் செலவு ஒழுங்குபடுத்தற் சட்டம், முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர் தாம் பெற்ற நன்கொடைக்கும் செய்த செலவுக்கும் கணக்கு ஒப்படைக்க வேண்டுமென விதித்தது. 1981இல் விடுபட்ட கடன் நாற்பத்திரண்டு ஆண்டுகளின் பின் மீண்டது. 2025 மே 6இல் நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலிலே சிற்றூர்ச் சபைகளின் வேட்பாளரும் அவ்விதிக்கு உட்பட்டனர்.

கணக்குக் காட்ட வேண்டியவர் எவர், எவருக்கு என்னும் இரு கேள்விகளுக்கும் இன்று ஏட்டளவில் விடை உண்டு. ஆயினும் காட்டப்படும் கணக்கை எடுத்துப் பார்ப்பார் இல்லையெனின் சட்டம் வெறும் ஏடாகவே எஞ்சும். உத்தரமேரூரில் ஓலை வாசிக்கப்பட்டபொழுது அவையிலே கேட்போர் இருந்தனர். விதிக்கு உயிரளித்தது அதுவே. நெடுங்காலம் கணக்கேட்டுக்குப் புறத்தே நிறுத்தப்பட்ட தோட்டப்புறத்தின் பிள்ளைகள் இன்று எழுத்தறிந்து வாக்குரிமையும் பெற்றுள்ளனர். கணக்கைக் காட்டுவது பதவியேற்றார் கடன். அதனைக் கேட்டுப் பெற்று வாசிப்பது அவர்தம் கடன்.