உத்தரிக்கும் தலம்

கத்தோலிக்க நம்பிக்கைப்படி, இறையருளில் இறந்தும் முழுத் தூய்மை அடையாத ஆன்மாக்கள் விண்ணகம் சேருமுன் தூய்மை பெறும் நிலை. பேச்சுவழக்கில் உத்தரிக்கிற ஸ்தலம். இதை இன்னொரு நரகமாக எண்ணுவது பெரும்பிழை; இங்குள்ள ஒவ்வோர் ஆன்மாவுக்கும் மீட்பு உறுதி. மனம் வருந்திப் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செய்தவரின் குற்றம் மன்னிக்கப்படுகிறது. ஆயினும் பாவத்துக்குரிய தண்டனைக் கடன் எஞ்சலாம். அது இங்கே தீர்கிறது. உயிரோடிருப்போரின் மன்றாட்டும் திருப்பலியும் அவ்வான்மாக்களுக்கு உதவும் என்பதே இக்கோட்பாட்டின் உயிர்நாடி. கத்தோலிக்க விவிலியத்தின் 2 மக்கபேயர் நூலின் 12ஆம் அதிகாரம் இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. லியோன் (1274), புளோரன்ஸ் (1439), திரெந்து (1563) திருச்சபைச் சங்கங்கள் இக்கோட்பாட்டை உறுதிசெய்தன. சீர்திருத்த (புரொட்டஸ்டன்ட்) சபைகள் இதை ஏற்கவில்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று தமிழகக் கத்தோலிக்கர் கல்லறைகளில் பூவிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி இறந்தோருக்காக மன்றாடுகின்றனர்.